மூணாறு தலைப்பும் வயிற்றுப் பெருந்தமனியும்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இதயத்திலிருந்து வரும் ரத்தத்தை வயிற்று உறுப்புகளுக்கும் கால்களுக்கும் கொண்டுபோகும் பெரிய குழாயான வயிற்றுப் பெருந்தமனியின் கணக்கு சட்டென்று பிடிபடும். தாய் எவ்வளவு அகலம், கிளை எவ்வளவு அகலம், எந்த இடத்தில் பிரிகிறது என்பவைதான் அங்கேயும் கேள்வி.

நெஞ்சிலிருந்து இறங்கும் பெருந்தமனி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் நுழையும்போது அதன் விட்டம் 2 முதல் 2.5 செ.மீ. முதுகெலும்பின் முன்னால், சற்று இடப்புறமாகச் சுமார் 13 செ.மீ. ஓடி, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது.

நுழைந்தவுடன் முன்பக்கம் கிளம்புவது சீலியாக் தண்டு. 6 முதல் 8 மி.மீ. விட்டம், நீளம் 1, 2 செ.மீ.தான். நீடாமங்கலம் அருகே ஆறு பிரியும் மதகான மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு பிரிவதைப் போல, இது இரைப்பைக்கும் ஈரலுக்கும் மண்ணீரலுக்குமாக மூன்றாகிறது. சுமார் 1 செ.மீ. கீழே, அதே பருமனில் மேல் குடல் தமனி. சிறுகுடலில் பெரும்பகுதியும் பெருங்குடலில் பாதியும் இதன் பாசனம். அதை ஒட்டி இருபக்கமும் சிறுநீரகத் தமனிகள், 5 முதல் 6 மி.மீ. இன்னும் கீழே கீழ் குடல் தமனி, 3 முதல் 4 மி.மீ.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான். ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் 5 லிட்டரில் 1 லிட்டருக்கு மேல் அவைதான் வாங்குகின்றன. வடிகட்டும் வேலைக்கு அவ்வளவு வேண்டும். மேல் குடல் தமனியில் வெறும் வயிற்றில் அரை லிட்டர் அளவுக்கு ஓடுவது, சாப்பிட்ட பிறகு இரட்டிப்பாகும்.

இங்கேதான் ஆறும் உடம்பும் வேறுபடுகின்றன. ஆற்றில் தலைப்பு ஷட்டர் விடுவதுதான் கடைமடைக்கு. உடம்பில் ஷட்டர்கள் கடைமடையில், குடல் சுவரின் நுண்தமனிகளில் இருக்கின்றன. அவை கேட்கும் அளவுதான் மேலிருந்து இறங்குகிறது. அதனால் தலைப்பில் கொழுப்பு படிந்து பாதி விட்டம் அடைத்தாலும், கீழே ஷட்டர்கள் அகலத் திறந்து ஓட்டத்தைச் சமாளித்துவிடும். அடைப்பு 70 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் குட்டு வெளிப்படும். சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி. வலிக்குப் பயந்து சோற்றைக் குறைப்பார்கள், உடம்பு இளைக்கும், அல்சர் மாத்திரையில் மாதங்கள் ஓடும்.

கீழ் குடல் தமனி மெல்ல மெல்ல மூடினால் பலருக்குத் தெரிவதே இல்லை. பெருங்குடல் ஓரமாக மேல் குடல் தமனியிலிருந்து ஓர் இணைப்பு வாய்க்கால் வந்து காப்பாற்றிவிடும். மேல் குடல் தமனி திடீரென்று அடைத்தால் அந்த அவகாசம் கிடையாது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். தாங்க முடியாத வலி, ஆனால் தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கும். இந்த முரணைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிரியும் கோணத்துக்கும் பொறுப்பு உண்டு. மேல் குடல் தமனி பெருந்தமனியிலிருந்து பெரும்பாலும் 38 முதல் 65 பாகைக் கோணத்தில் கீழ்நோக்கிச் சாய்கிறது. அந்த இடுக்கில் முன்சிறுகுடல் குறுக்கே போகிறது. கடும் நோயில் உடம்பு சட்டென்று வற்றி இடையிலுள்ள கொழுப்பு கரைந்தால், கோணம் 25 பாகைக்கும் கீழே குறுகி, குடல் நசுங்கிப் பித்த வாந்தி வரும். குப்புறப் படுத்தால் சற்று இளகும்.

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனி மெலிய வேண்டும். பாதி ரத்தத்துக்கு மேல் கிளைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்தப் பகுதிச் சுவரில் மீள்திறன் தரும் எலாஸ்டின் இழைகள் குறைவு. புகைபிடிக்கும் வயதான ஆண்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் உப்புகிறது. விட்டம் கூடக் கூட, அதே அழுத்தத்தில் சுவரின் இழுவிசையும் கூடும். அது மேலும் உப்ப வைக்கும். விட்டம் 3 செ.மீ.யை எட்டினால் அதற்கு அனூரிசம், அதாவது தமனி வீக்கம், என்று பெயர். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே 3 செ.மீ. என்பது போதாது. இயல்பாகவே 1.6 செ.மீ. தமனி உள்ள சிறிய உடல்வாகுப் பெண்ணுக்கு 2.6 செ.மீ. என்பது ஒன்றரை மடங்குக்கும் மேல், அது வீக்கம்தான். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து ஸ்கேன் எடுத்தால் வாயு அவ்வளவாக மறைக்காது. குழாயின் போக்குக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும்; சாய்வாக வெட்டிப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகி, இல்லாத வீக்கம் தெரியும். ரிப்போர்ட்டில் அதிகபட்ச அளவு மட்டும் இருந்தால், எத்தனை மடங்கு என்று ஒப்பிட்டுப் பார்க்க, சிறுநீரகத் தமனி மட்டத்தில் எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.