கப்பிக் குட்டிகளைக் கால்வாயில் விடாதீர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன். நோய்வாய்ப்பட்ட மீனுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களைவிட, தொட்டி முழுக்கக் குட்டி, இடமில்லை, என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். மீனும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். இவை முட்டையிட்டுவிட்டுப் போகிற இனம் இல்லை. முட்டை வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, வெளியே வரும்போதே நீந்தி ஒளியத் தெரிந்த குட்டியாக வருகிறது. பிள்ளை அழுதது என்று பாசார் மாலம் இரவுச் சந்தையில் ஒரு பை கப்பி வாங்கிப் போனவர்கள் நாலைந்து மாதம் கழித்து வாளியோடு வந்து நிற்பது இதனால்தான்.

லிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஓர் அக்கா கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, ஆண் மீனையெல்லாம் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் குட்டி போடுதே, எப்படி?" அவர் பொய் சொல்லவில்லை. பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதன்பின் ஆணே இல்லாமல் பல மாதங்களுக்கு அடுத்தடுத்து ஈன்றுகொண்டிருக்கும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான் கிடக்கின்றன, அதனால் நீங்கள் வாங்குகிற பெரிய பெண் மீன் ஏறக்குறைய எப்போதுமே சினையாகத்தான் வீட்டுக்கு வரும். பெண்ணை மட்டும் வாங்கினால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். கப்பிக்குச் சினைக்காலம் சுமார் 21 முதல் 30 நாள். நன்கு வளர்ந்த பெண் ஓர் ஈற்றுக்கு 20, 30 குட்டி சாதாரணமாகப் போடும், பெரிய மீன் என்றால் 100கூடப் போடலாம். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களே இனப்பெருக்கத்துக்குத் தயார். இரண்டே பெண்கள் ஆளுக்கு 30 குட்டி போட்டு எல்லாம் பிழைத்தால், அதில் பாதி பெண் என்றாலும், மூன்றாவது நான்காவது மாதத்தில் புதிதாக 30 தாய்கள். குளிர் நாடுகளில் தண்ணீர் குளிர்ந்தால் வேகம் குறையும். நமக்கு வருடம் முழுவதும் ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் 27, 28 பாகையில் இருக்கிறது, அதனால் ஓய்வே கிடையாது.

இரண்டடி தொட்டியில், அதாவது ஐம்பது சொச்சம் லிட்டர் தண்ணீரில், பத்துப் பதினைந்து பெரிய கப்பிகள் நிம்மதியாக இருக்கலாம். அதில் நூற்றைம்பது இருந்தால் என்ன ஆகும் என்பதை என்னிடம் கொண்டுவரும் மீன்களே காட்டும். கழிவிலிருந்து அமோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். வால் அழுகும். தாய், மகன், அண்ணன், தங்கை என்று அதே கூட்டத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து சில தலைமுறையில் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் வர ஆரம்பிக்கும். முதுகு வளைவதற்கு மீன் காசநோயும் ஒரு காரணம், அந்தக் கிருமி கையில் இருக்கும் சிராய்ப்பு வழியாக மனிதத் தோலுக்கும் தொற்றக்கூடியது. ஆகவே புண் உள்ள கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் முழுமையாகப் பலன் தருவது ஒன்றுதான்: ஆண் மீன் மட்டும் வாங்குங்கள். கப்பியில் வண்ணமும் நீள வாலும் ஆணுக்குத்தான், எனவே அழகில் குறையே வராது. மோலி, பிளாட்டியில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, துடுப்பைத்தான் பார்க்க வேண்டும். மீனைப் பையில் போட்டதும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, வயிற்றுக்கு அடியில், ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் சின்னத் துடுப்பைக் கவனியுங்கள். விசிறி மாதிரி விரிந்திருந்தால் பெண். மெல்லிய குச்சியாகச் சுருங்கிப் பின்னோக்கிப் படிந்திருந்தால் ஆண். பெண் கப்பிக்கு அந்த இடத்துக்குச் சற்று முன்னால் கறுத்த ஒரு திட்டும் தெரியும், ஈனும் நாள் நெருங்க நெருங்க அது பெரிதாகி இருளும். ரொம்பச் சின்ன மீனில் இது தெளிவாகத் தெரியாது, அதனால் வளர்ந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நின்று பாருங்கள். வாள்வால் ஆண்கள் ஒன்றையொன்று துரத்திச் சண்டை போடும், ஆகவே சிறிய தொட்டியில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பெண் மீன்கள் இருந்தால், குட்டியைக் காப்பாற்றுவதை நிறுத்துங்கள். கேட்கக் கொடுமையாக இருக்கலாம், ஆனால் பிரச்சினையைப் பெரிதாக்குவதே நம் அன்புதான். ஈன்ற உடனே குட்டி பிரிக்கும் பெட்டியில் போட்டு, முட்டை மஞ்சள் கரு ஊட்டி எல்லாவற்றையும் வளர்த்துவிட்டு, அப்புறம் இடமில்லை என்று தவிக்கிறோம். தொட்டியிலேயே விட்டால் பெரிய மீன்களே பெரும்பாலான குட்டிகளைத் தின்றுவிடும், இயற்கையிலும் அதுதான் நடக்கிறது. பாசியும் அடர்ந்த செடியும் இருந்தால் குட்டிகள் ஒளிந்து தப்பிக்கும், ஆகவே அவற்றைக் குறையுங்கள். நல்ல உயரமான பெரிய தொட்டி இருந்தால் ஒரே ஓர் ஏஞ்சல் மீனை விடலாம், குட்டிகளை விட்டு வைக்காது. நம் ஊர் செபாட் மீனும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் இவை கப்பியின் நீள வாலைக் கடிக்கிறதா என்று முதல் சில நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கால்வாய் விஷயம். எனக்கு மனசு பதறுவது இங்கேதான். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கப்பி நீந்துவதைப் பார்த்துப் பழகியதால் அது நம் மண்ணின் மீன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதன் சொந்த ஊர் டிரினிடாட், வெனிசுலா, கயானா பக்கம். இங்கே கால்வாயில் இருப்பது எல்லாம் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதன் வாரிசு. அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும், எனவே செத்துவிடும் என்று நம்பிக்கொண்டு விடாதீர்கள். மழை பெய்தால் கால்வாய் ஓடைக்கும், ஓடை பிளஸ் ஆற்றுக்கும் போகும். கப்பிக்கு உறவான கம்பூசியா மீனைக் கொசுவை ஒழிக்கவென்று உலகம் முழுக்கக் கொண்டுபோய் விட்டார்கள். அது உள்ளூர் மீன்களின் குட்டிகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்று, இன்று உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. சிலாங்கூரில் ஈக்கான் பண்டாராயாவை, அதாவது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீனை, பிடிக்க ஆற்றில் இறங்கி வலை போடுகிறார்களே, அதுவும் ஒரு காலத்தில் யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்ந்த மீன்தான்.

நோயும் கூடவே போகும். சில கப்பிகளின் ஆசனவாயில் சிவப்பு நூல் துண்டு போல ஏதோ தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், மீன் அசையாமல் நிற்கும்போது அது மெல்ல வெளியே நீளும். கமலானஸ் என்ற குடற்புழு அது. தொட்டியில் ஒரு மீனுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் வந்துவிடும். அப்படிப்பட்ட மீனை ஆற்றில் விட்டால் அங்கே இருக்கும் மீன்களுக்கும் அதைக் கொடுத்ததாகிவிடும்.

டிங்கிக்கு நல்லதுதானே, கப்பி கொசுப்புழுவைத் தின்னுமே என்று கேட்பார்கள். தின்னும், உண்மைதான். உங்கள் வாசலில் தாமரைச் சாடியோ வெளியே தண்ணீர் போகாத சிமெண்டுத் தொட்டியோ இருந்தால் நாலைந்து கப்பிகளைத் தாராளமாக விடுங்கள், ஆண்களாகவே விடுங்கள். மழைக்கு நிரம்பி வழிந்து கால்வாயில் கலக்கிற சாடி என்றால் மட்டும் வேண்டாம்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை உயிரோடு கழிவறையில் போட்டுத் தண்ணீர் இழுப்பதும், அப்படியே ஃபிரிட்ஜ் ஐஸ் பெட்டிக்குள் வைப்பதும் வதை. மருந்துக்கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்பு எண்ணெய் போதும். சின்னப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சில துளி விட்டு, பால் போல் வெளுக்கும்வரை நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மீன் மயங்கிச் சாய்ந்ததும் மீதியையும் ஊற்றி, செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே விட்டு, அப்புறம் பூச்சாடி மண்ணில் புதையுங்கள்.

மிஞ்சிய நல்ல மீன்களை அக்கம்பக்கத்தில் தொட்டி உள்ளவர்களிடம் கேட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். காசு கொடுக்க மாட்டேன், ஆனால் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்து, ஆண் பெண் பிரித்து எடுத்துக்கொள்கிறேன். காலையில் வாருங்கள், உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் பாதி வழியிலேயே சூட்டில் வெந்துவிடும். வருவதற்கு முதல் நாள் தீனி போடாதீர்கள், பைத் தண்ணீர் கெடாமல் இருக்கும். உங்கள் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துவாருங்கள், எத்தனை மீனை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.