நொய்ஸ் சப்ரஸர் எந்தப் பக்கம் காது குடுக்குது?

வெள்ளவத்தையில நான் இருக்கிற ரூம்ல பேன் ரெகுலேட்டர் பழைய சுத்துற டைப். அதைப் பாதியில வச்சுப்போட்டு கிட்டாரை அம்ப்ல கொழுவினா ஸ்பீக்கருக்குள்ள வண்டு பூந்த மாதிரி "ஜ்ர்ர்ர்" எண்டு இரையும், ஃபுல்லா திருப்பினா முக்கால்வாசி அடங்கும், நிப்பாட்டினா வண்டு போயிடும், ஆனா ஏப்ரல் மாசத்துக் கொழும்பில பேனை நிப்பாட்டிப்போட்டு ஆர் கிட்டார் அடிக்கிறது.

இந்த இரைச்சல் எங்கயிருந்து வருது எண்டு விளங்கினாத்தான் நொய்ஸ் சப்ரஸர் எண்ட, இரைச்சலை அமத்துற பெடலை எங்க கொழுவோணும் எண்டதும் விளங்கும், அதால கொஞ்சம் பொறுமையா அங்கயிருந்தே வாறன்.

எங்கட வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், செக்கனுக்கு 50 தரம் ஏறி இறங்குது. சுவருக்குள்ள போற வயர், டிரான்ஸ்போமர், டியூப்லைட் சோக், எல்லாத்தையும் சுத்தி அந்த 50க்கு ஏத்தமாதிரி காந்தப்புலம் ஆடிக்கொண்டே இருக்கு. கிட்டார் பிக்கப் எண்டது என்ன? காந்தத்தைச் சுத்தி தலைமயிரை விட மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுத்துச் சுத்தி வச்ச ஒரு கொயில், அவ்வளவுதான். இரும்புக் கம்பி அதுக்கு மேல அதிரேக்க காந்தப்புலம் மாறுது, மாறினா கொயில்ல வோல்டேஜ் பிறக்குது. ஆனா புலத்தை மாத்தினது கிட்டார் கம்பியோ சுவருக்குள்ள போற கரண்ட் வயரோ எண்டு கொயிலுக்குத் தெரியாது, ரெண்டையும் ஒரே மாதிரித்தான் அம்புக்கு அனுப்பும்.

காது நல்ல ஆக்கள் ஒருக்கா இதைச் செய்து பாருங்கோ. எங்கட ஊர் உறுமல் 50 ஹெர்ட்ஸ், அது கீழ் ஜி சுரத்தின்ட 49க்கு மேல கொஞ்சம் தள்ளி, ஒரு அரைச்சுரத்தில மூண்டில ஒரு பங்கு கூடவா நிக்குது. அமெரிக்கால கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதால அங்கத்தை வீடியோக்கள்ல வாற உறுமல் வேற சுரத்தில கேக்கும். கனபேர் என்னட்ட கேக்கிற கேள்வி, அப்ப அந்த 50ஐ மட்டும் ஈக்குவலைசர்ல வெட்டினா முடிஞ்சுதே எண்டு. முடியாது. உறுமல் 50ஓட நிக்கிறேல்ல, 100, 150, 200 எண்டு பெருக்கம் பெருக்கமா மேல போகும். கிட்டார்ல ஆறாம் கம்பியை மூண்டாம் பிரெட்டில பிடிச்சா வாற ஜி 98 ஹெர்ட்ஸ், அந்த 100ஐ வெட்டப் போனா உங்கட ஜியும் சேர்ந்து போயிடும். சத்தமும் இரைச்சலும் ஒரே இடத்தில குடியிருக்கு, சுரத்தை வச்சுப் பிரிக்க ஏலாது.

பேன் ரெகுலேட்டர் கதை இன்னும் மோசம். அந்தச் சுத்துற டைப்புக்குள்ள ட்ரையக் எண்டு ஒரு சின்னச் சாமான் இருக்கு, அது ஒவ்வொரு அரை அலையிலயும் கரண்டைக் கொஞ்ச நேரம் மறிச்சு வச்சிட்டு திடீரெண்டு திறந்து விடும், அதாவது செக்கனுக்கு 100 தரம். பாதியில வச்சா அலை உச்சியில, கிட்டத்தட்ட 325 வோல்ட்டில, நிக்கேக்க படாரெண்டு திறக்குது, அந்தக் குத்துத்தான் வண்டுச் சத்தம். ஃபுல்லா வச்சா அலை தொடங்கேக்கயே திறந்திடும், குத்து இல்ல, அதாலதான் அடங்குது. டிமர் போட்ட லைட்டும் இதே வேலைதான் செய்யும்.

ஹம்பக்கர் பிக்கப் உள்ளவைக்கு இந்தக் கரைச்சல் குறைவு. கிப்சன் கொம்பனியில வேலை செய்த செத் லவர் 1955இல காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச யோசனை அது. ரெண்டு கொயிலையும் காந்தத்தையும் ஒண்டுக்கொண்டு எதிராத் திருப்பி வச்சா கம்பியின்ட சத்தம் கூடும், வெளியால வாற உறுமல் ஒண்டையொண்டு வெட்டிக்கொள்ளும். சிங்கிள் கொயில் வச்சிருக்கிற எங்களுக்கு ஒரு சின்னத் தந்திரம்தான் இருக்கு, கதிரையோட மெல்லமாச் சுத்திப் பாருங்கோ, ஒரு பக்கம் பாத்து இருக்கேக்க உறுமல் பொசுக்கெண்டு குறையும், என்ட ரூம்ல அது ஜன்னல் பக்கம். கொயில் எந்தக் கோணத்தில அந்தப் புலத்தைப் பிடிக்குது எண்டதுதான் வித்தியாசம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்திட்டம், கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டோர்ஷன்.

ஒரு கணக்குப் போடுவம். நீங்கள் கம்பியளைச் சேர்த்து ஒருக்கா அடிக்கேக்க கிட்டார்ல இருந்து 200 மில்லிவோல்ட் வருது, உறுமல் 1 மில்லிவோல்ட் எண்டு வைப்பம். 200க்கு 1, உறுமல் கிடக்கிறது தெரியவே தெரியாது. இப்ப டிஸ்டோர்ஷன் பெடல் எல்லாத்தையும் 500 மடங்கு பெருக்குது எண்டு வையுங்கோ. கிட்டார் 100 வோல்ட்டுக்குப் போகோணும், ஆனா பெடலுக்குள்ள இருக்கிற சிலிக்கன் டயோட் 0.7 வோல்ட்டுக்கு மேல விடாது, தலையைச் சீவி விட்டிடும், அந்தச் சீவின வடிவம்தான் நாங்கள் விரும்பிற அந்தக் கரகரப்பு. உறுமலோ 500 மடங்கு பெருகி 0.5 வோல்ட், அது டயோட்டுக்குக் கீழ சத்தமில்லாமல் தப்பி வந்திடும். 200க்கு 1ஆ இருந்தது இப்ப 7க்கு 5. கிட்டத்தட்ட சமம்! டிஸ்டோர்ஷன் போட்டா இரையுது எண்டு பெடலைத் திட்டுறம், பெடல் இரைச்சலை உண்டாக்கினதை விட, பெரிய ஆளைக் குனிய வச்சு சின்ன ஆளைத் தோளில தூக்கி வச்சதுதான் பெரிய வேலை.

இன்னொரு விசயமும் நடக்குது. கம்பியை அடிச்சுவிட்டா சத்தம் மெல்ல மெல்லச் சாகும், 200, 100, 20, 5 எண்டு. டிஸ்டோர்ஷனுக்குப் பிறகு பாத்தா அது 0.7லயே நிக்கும், கம்பி கிட்டத்தட்டச் செத்த பிறகுதான் இறங்கத் தொடங்கும். அதாவது டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால நிண்டு பாக்கிற ஒருத்தருக்கு, கம்பி அதிருதா நிண்டிட்டுதா எண்டு சொல்லுறது சரியான கஷ்டம். முன்னால நிண்டு பாக்கிறவருக்கு பளிச்செண்டு தெரியும்.

நொய்ஸ் சப்ரஸரை எங்க கொழுவுறது எண்ட கேள்விக்கு விடை இதுக்குள்ளதான் கிடக்கு. அந்தப் பெடல் இரைச்சலை வடிகட்டி எடுக்கிறேல்ல. அது ஒரு கேட், கிட்டார் வருதெண்டா திறக்கும், இல்லையெண்டா மூடும். திறந்திருக்கேக்க இரைச்சலும் சேர்ந்துதான் வருது, ஆனா பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை காதில மறைச்சிடும், பம்பலப்பிட்டிச் சந்தியில பஸ் ஹோர்ன் அடிக்கேக்க பக்கத்தில நிக்கிறவர் கதைக்கிறது கேக்காத மாதிரி. மூடி இருக்கேக்க ரெண்டுமே இல்ல. தொடர்மாடி வாசல்ல நிக்கிற செக்கியூரிட்டி ஐயா ஆக்களை வெளிச்சத்தில, கேட்டடியில வச்சுத்தான் முகம் பாக்கோணும், உள்ளுக்க இருட்டு லிஃப்டடியில வச்சு இல்ல. அதே மாதிரி கிட்டாரையும் டிஸ்டோர்ஷன் பட முதல்தான் கேக்கோணும்.

உள்ளுக்க நடக்கிறதை கொஞ்சம் கிட்டப் பாப்பம். இன்புட்டில வந்த சிக்னல் ரெண்டாப் பிரியுது. ஒரு கிளை காது மட்டும்தான், அதின்ட சத்தம் வெளியால வராது. அந்தக் கிளையில அலையின்ட கீழ்ப்பாதியையும் மேல திருப்பி விட்டு ஒரு கப்பாசிட்டரை நிரப்புவினம். மொட்டைமாடித் தண்ணி டாங்கி மாதிரி நினையுங்கோ, பெரிய பைப்பால கெதியா நிரம்பும், அடியில ஒரு சின்ன ஓட்டையால மெல்ல வடியும். தண்ணி மட்டம்தான் நீங்கள் இப்ப எவ்வளவு பலமா அடிக்கிறீங்கள் எண்ட தகவல். மட்டம் ஒரு கோட்டுக்கு மேல போனா கேட் திறக்குது, கீழ போனா மூடுது. கோடு எங்க எண்டதை வைக்கிற நொப்தான் த்ரெஷோல்ட். மூடுறது எவ்வளவு மெதுவா நடக்கோணும் எண்டதை வைக்கிறது டிகே. கேட் எண்டு சொல்லுற சாமான் ஒரு வீ.சி.ஏ., வோல்டேஜைக் குடுத்தா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு அம்ப்ளிஃபையர், நீங்கள் கையால வொல்யூம் நொப்பைத் திருப்புறதை அது மில்லிசெக்கன் கணக்கில செய்யுது.

ஏன் டாங்கி உடனே வடியக்கூடாது? திறந்த ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 12 மில்லிசெக்கன் பிடிக்கும். டாங்கி அதுக்குள்ள வடிஞ்சா ஒவ்வொரு அலைக்கும் கேட் திறந்து மூடித் திறந்து மூடி ஒரு புது இரைச்சலை அதுவே உண்டாக்கும். அதைவிட, சாகப் போற நோட் கோட்டடியில மேலயும் கீழயும் ஆடேக்க கேட் தடதடக்கும், அதுக்காகக் கனக்க கேட்டுகள்ல திறக்கிற கோட்டை மேலயும் மூடுற கோட்டை கீழயும் தள்ளி வைப்பினம்.

இப்ப கொழுவுவம். பொஸ் கொம்பனி 1987இல விட்ட என்எஸ்-2 இண்டைக்கும் கனபேரின்ட போர்ட்டில இருக்கு, நான் வச்சிருக்கிறதும் அதுதான், அதை வச்சே சொல்லுறன். அதில நாலு ஓட்டை, இன்புட், சென்ட், ரிட்டர்ன், அவுட்புட். கிட்டார் நேரா இன்புட்டுக்கு. சென்டில இருந்து ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், கடைசிப் பெடல்ல இருந்து திரும்ப ரிட்டர்னுக்கு. அவுட்புட்டில இருந்து அம்புக்கு. இப்ப காது இன்புட்டில இருக்கு, டிஸ்டோர்ஷன் படாத சுத்தக் கிட்டாரைக் கேக்குது, கேட் ரிட்டர்னுக்குப் பிறகு இருக்கு, டிஸ்டோர்ஷன் கக்கின முழு இரைச்சலையும் மூடுது. எனக்கு இது விளங்கின அண்டைக்கு உண்மையாவே சந்தோசமா இருந்தது, கேக்கிற இடமும் வெட்டுற இடமும் ஒண்டா இருக்கத் தேவையில்ல எண்டது எவ்வளவு அழகான யோசனை.

சென்ட் ரிட்டர்னை விட்டிட்டு டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால வரிசையில வச்சா, அது 7க்கும் 5க்கும் நடுவில கோடு கீறப் பாக்கும், ஒண்டில் இரைச்சல் வரும், இல்லாட்டி நோட்டின்ட வால் அறும். டிஸ்டோர்ஷனுக்கு முன்னால மட்டும் வச்சா கிட்டார் உறுமல் போகும், ஆனா டிஸ்டோர்ஷன் பெடல் தானா எழுப்புற "ஸ்ஸ்" அப்பிடியே நிக்கும்.

பெடலுக்குப் பதிலா அம்பின்ட முதல் பெருக்குற பகுதியான பிரிஅம்ப்பிலயே கெயின் கூட்டி டிஸ்டோர்ஷன் எடுக்கிற ஆக்களுக்கு இரைச்சல் பிறக்கிறது அம்புக்குள்ள, அதால அம்பையும் அந்தச் சென்ட், ரிட்டர்ன் வளையத்துக்குள்ள எடுக்கோணும். அம்புக்குப் பின்னால எஃபெக்ட் லூப், அதாவது அம்புக்கெண்டு ஒரு சென்டும் ரிட்டர்னும், இருந்தா மட்டும்தான் இது சரிவரும். சென்டில இருந்து பெடல்கள் வழியா அம்ப் முன் இன்புட்டுக்கு, அம்ப் பின்னால இருக்கிற சென்டில இருந்து பெடலின்ட ரிட்டர்னுக்கு, பெடலின்ட அவுட்புட்டில இருந்து அம்பின்ட ரிட்டர்னுக்கு. வயர் கொஞ்சம் சிக்கும், மூண்டு நீள வயருக்கும் வேற வேற நிற டேப் ஒட்டி வையுங்கோ.

எதிரொலி குடுக்கிற டிலேயும் ரிவேர்ப்பும் எப்பவும் அவுட்புட்டுக்குப் பிறகுதான். கொட்டாஞ்சேனையில ஒரு ஹோல்ல வாசிக்கேக்க நான் டிலேயை வளையத்துக்குள்ள வச்சிட்டன். சோலோ முடிய கடைசி நோட் மூண்டு நாலு தரம் எதிரொலிச்சுத் தேயோணும், நான் கம்பியை விட்டதும் எல்லாம் டப்பெண்டு நிண்டிட்டுது. கீபோர்ட் அடிச்ச கூட்டாளி இறங்கி வந்து, "மச்சான், உன்ட எக்கோவை ஆரோ கத்தரிக்கோலால வெட்டின மாதிரிக் கிடந்தது" எண்டான். காது கிட்டாரைத்தானே கேக்குது, டிலே இன்னும் பாடிக்கொண்டிருக்கு எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்.

நொப் வைக்கிறதுக்கு நான் செய்யிற முறை இது. எல்லாப் பெடலையும் போட்டு, கிட்டார் வொல்யூமை ஃபுல்லா வச்சு, கம்பியைக் கையால பொத்திக்கொண்டு, த்ரெஷோல்டை பூச்சியத்தில இருந்து மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. இரைச்சல் அமந்த இடத்தில நிப்பாட்டி, ஒரு சொட்டு மட்டும் கூட்டுங்கோ. பிறகு ஒரு நோட்டை அடிச்சு சாகவிட்டுக் கேளுங்கோ, கடைசியில அறுந்து விழுந்தா த்ரெஷோல்ட் கூடிப்போச்சு இல்லாட்டி டிகே குறைவு. கட்டைக் கட்டையா, இடையில அமைதி விழுற மாதிரி அடிக்கிற மெட்டல் பாட்டுக்கு டிகே குறைவா, நீட்டி இழுக்கிற சோலோவுக்குக் கூடுதலா.

கேட்டால தீராத இரைச்சலும் இருக்கு. எல்லாப் பெடலுக்கும் ஒரே அடப்டர்ல இருந்து சங்கிலி மாதிரிக் கரண்ட் எடுத்தா சில டிஜிட்டல் பெடல்கள் கீச்சிடும், அதுகளுக்குத் தனிக் கரண்ட் குடுக்கோணும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவை ஜாக்குகளை அடிக்கடி பாருங்கோ, உப்புக் காத்து அரிச்சிடும். எல்லாத்துக்கும் மேல, உறுமல் போகுது எண்டு அம்ப் பிளக்கின்ட எர்த் பின்னைக் கழட்டுற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. உறுமல் போறது உண்மை, ஆனா அம்புக்குள்ள ஏதும் பழுதாகி அம்பின்ட உலோக உடம்புக்கு கரண்ட் வந்தா அந்த 230 வோல்ட் கிட்டார் கம்பி வரைக்கும் வரும், உதடு மைக்கில முட்டினா உயிருக்கே ஆபத்து. 1972இல வேல்ஸ்ல சுவான்சீ நகரத்தில லெஸ்லி ஹார்வி எண்ட கிட்டார் கலைஞர் சரியா எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே இறந்துபோனார்.

கடைசியா மேடைக்குப் போறவைக்கு. வீட்டில வச்ச த்ரெஷோல்ட் ஹோல்ல சரிவராது, அங்கத்தை வயரும் லைட்டும் வேற. சவுண்ட் செக் பெரும்பாலும் பின்னேரம் வெளிச்சத்தோட நடக்கும், அப்ப எல்லாம் அமைதியா இருக்கும், இரவு டிமர் லைட் ஏறினதும் அதே வண்டு வந்து குந்தும். லைட் போடுற அண்ணாட்ட போய், "அண்ணா, ஒருக்கா எல்லாத்தையும் பாதியில போட்டு விடுங்கோ" எண்டு கேளுங்கோ, அந்த நேரம் பாத்து நொப்பைத் திருப்புங்கோ.