பேர்ச் (பேர்ச்சஸ்)

கொழும்பில் காணி விலை பேர்ச் கணக்கில்தான் பேசப்படும். வெள்ளவத்தையோ தெஹிவளையோ, "பேர்ச் என்ன விலை போகுது?" என்பதுதான் முதல் கேள்வி. சதுர மீற்றரில் யாரும் விலை கேட்பதில்லை.

லத்தீனில் 'பெர்ட்டிகா' என்றால் நீண்ட கம்பு. அது பிரெஞ்சில் 'பெர்ஷ்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயர் ஆட்சியோடு நம் காணி உறுதிகளில் ஏறியது. அந்தக் கம்பின் நீளம் ஐந்தரை யார், அதாவது பதினாறரை அடி. நான்கு பக்கமும் அவ்வளவு நீளமுள்ள சதுரத்தைத்தான் நாம் பேர்ச் என்கிறோம்: 272.25 சதுர அடி, 25.29 சதுர மீற்றர். 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்தார் சொல்லும் ஒரு பரப்பு, 10 பேர்ச்.

தமிழில் இதற்குச் சரியான சொல் 'கோல்'. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோல் 'பன்னிரு சாண் கோல்', 'பதினாறு சாண் கோல்' என்று நீளத்தோடு சேர்ந்தே வருகிறது. கம்பின் பெயரே அளவின் பெயராவது நமக்கும் பழக்கம்தான். எனவே 'சதுரக் கோல்' என்று எழுதினால் பொருள் பிசகாது. ஆனால் உறுதியில் அப்படி எழுதச் சொல்ல மாட்டேன். எந்தக் கோல் என்ற வழக்கு வந்துவிடும். அங்கே பேர்ச்சும் சதுர மீற்றரும் சேர்ந்து இருப்பதே பாதுகாப்பு.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் மீற்றர் முறையில்தான் நிற்கிறது. நில அளவையாளரின் வரைபடத்திலும் 0.0253 ஹெக்டேயர் என்றிருக்கும். ஆனால் பக்கத்திலேயே ஏ 0, றூ 0, பே 10 என்றும் இருக்கும். வாங்குபவரின் கண் போவது அந்த 10க்குத்தான். பழக்கம் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஒவ்வொரு உறுதியும், முந்தைய உறுதியில் காணியை விவரிக்கும் அட்டவணையைப் பார்த்தே எழுதப்படுகிறது. தாத்தா காலத்து உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் இருந்தால், உரித்துத் தொடர் (காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி) அறாமல் இருக்க அதே அளவு புதிய உறுதிக்கும் வருகிறது. அப்புறம், 0.0253 என்ற எண்ணை வைத்து யார் விலை பேசுவார்கள்?

இந்த இரண்டு கணக்கும் உரசும் இடத்தில்தான் சனம் மாட்டிக்கொள்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில், வீடு கட்டப் பிரிக்கும் துண்டுக்குப் பொதுவான குறைந்தபட்ச அளவு 150 சதுர மீற்றராக இருந்தது; 2021 இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. ஊர் அதை "ஆறு பேர்ச்" என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆறு பேர்ச் முழுதாக இருந்தால் 151.76 சதுர மீற்றர், சரி, பிரச்சினையில்லை. விளம்பரத்தில் ஆறு என்று போட்டு, அளந்தால் 5.9 பேர்ச் வரும் துண்டு 149.2 சதுர மீற்றர்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரைபடத்தை வாங்கி, ஹெக்டேயர் எண்ணைப் பத்தாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். வருவது சதுர மீற்றர்.