வாடகை வீடு குளிர்ந்தால் யார் பொறுப்பு? இங்கிலாந்தின் 'இ' தர விதி

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம் ஆட்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளில் நூறு வயதைத் தாண்டியவை ஏராளம். உள்ளே இடைவெளி விடாமல் செங்கலை அடுக்கிக் கட்டிய சுவர். ஹீட்டிங்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் அறை பழையபடி குளிர்ந்துவிடும். கேட்டால், "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்பார் உரிமையாளர். கேட்டவரும் இன்னொரு போர்வையை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். பேசாமல் இருக்க வேண்டியதில்லை. எரிசக்தித் தரம் ஒரு வரம்புக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடுவது, விலக்கு எதுவும் இல்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி தவறு.

உங்கள் வீடு அந்த வரம்புக்கு மேலா கீழா என்பதை 'இ.பி.சி.' (EPC) என்ற எரிசக்திச் சான்று சொல்லும். வீட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ இது கையில் இருக்க வேண்டும்; பத்து வருடம் செல்லும். சுவர், கூரை, ஜன்னல், பாய்லர், விளக்குகள் எல்லாவற்றையும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். 92-உம் அதற்கு மேலும் 'ஏ', 39 முதல் 54 வரை 'இ', 21 முதல் 38 வரை 'எஃப்', அதற்கும் கீழே 'ஜி'. இதில் 'எஃப்', 'ஜி' வீடுகளை வாடகைக்கு விடக் கூடாது. 2015-இல் வந்த விதிகள் 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடுகளுக்கும் பொருந்துகின்றன. கடை, அலுவலகக் கட்டிடங்களுக்கு அது 2023 ஏப்ரல் 1.

உங்கள் வீட்டுச் சான்றைப் பார்க்க உரிமையாளரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் தெருவில் உள்ள வீடுகளின் சான்றுகள் வரிசையாக வரும், கட்டணம் இல்லை. வீடு பார்க்கப் போகும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். வாடகையில் ஐம்பது பவுண்டு குறைவு என்று 'எஃப்' வீட்டுக்குள் போனால், அந்த ஐம்பதைக் குளிர்காலக் காஸ் பில் விழுங்கிவிடும்.

சரி, வீடு 'எஃப்' என்று தெரிகிறது. உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்? 'இ' தரத்துக்குக் கொண்டுவர, வாட் வரியையும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3,500 பவுண்டு வரை அவர் செலவழிக்க வேண்டும். அதற்குள் 'இ' வராது என்றால், அந்தத் தொகைக்குள் முடிந்த வேலைகளைச் செய்துவிட்டு, அரசுப் பதிவேட்டில் விலக்கைப் பதிய வேண்டும். அது ஐந்து வருடத்துக்குத்தான். பதியாமல் வாயால் சொல்லும் விலக்கு செல்லாது. மீறினால் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். அது உங்கள் கைக்கு வராது, ஆனால் கவுன்சிலின் கடிதம் வந்தபின் வேலை நடக்க வாய்ப்பு அதிகம்.

கவுன்சிலில் புகார் கொடுத்தால் உரிமையாளர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. நியாயமான பயம். இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வெளியேற்ற வழிவிட்ட 21-ஆம் பிரிவை 2025-இன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் ஒழிக்கிறது; அதற்கான நாள் 2026 மே 1.

ஒரு வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்துத் தங்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது: அறைக்கென்று தனிச் சான்று கிடையாது. கடந்த பத்து வருடத்தில் அந்த வீடு விற்கப்பட்டோ முழுதாக வாடகைக்குப் போயோ சான்று பெற்றிருந்தால் விதி அந்த வீட்டுக்குப் பொருந்தும். ஆகவே அறை வாடகைக்காரரும் பதிவேட்டைப் பார்ப்பது வீண் அல்ல.

இன்னொரு உரிமையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 2016 ஏப்ரல் முதல், எரிசக்தி மேம்பாட்டு வேலைக்கு வாடகைதாரரே எழுத்தில் அனுமதி கேட்கலாம். செலவு உரிமையாளர் தலையில் விழக் கூடாது. நீங்கள் போடும் பணமோ மானியமோ அதை ஈடுகட்ட வேண்டும். அப்படியிருந்தால் தகுந்த காரணமின்றி அவர் மறுக்க முடியாது.

என்னைக் கேட்டால் 'இ' என்பது மிகவும் தாழ்ந்த கோடு. 39 மதிப்பெண் வாங்கிய வீட்டிலும் குழந்தை இருமிக்கொண்டுதான் இருக்கும். 2030-க்குள் இதை 'சி' ஆக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் அரசு ஒரு திட்டத்தை முன்வைத்துக் கருத்துக் கேட்டது. அதுவரை, பூஞ்சையும் கடும் குளிரும் இருந்தால் சான்றில் என்ன எழுத்து இருக்கிறது என்பது தடையே அல்ல; கவுன்சிலின் சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவு தனிச் சட்டத்தின் கீழ் வந்து பார்க்க முடியும்.

சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பு (இன்சுலேஷன்) போடாத வீட்டில் சுமார் கால் பங்கு வெப்பம் கூரை வழியாகவே போகிறது. அதனால் பாய்லரைத் தொடும் முன் கூரைக்கு அடியில் உள்ள பரணைப் பாருங்கள். அங்கே 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் காப்புப் பஞ்சு இருக்க வேண்டும். காப்புப் பொருளுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் 2027 மார்ச் 31 வரை வாட் வரி இல்லை. பழைய பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு போட 7,500 பவுண்டு மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவர் பொருத்தும் நிறுவனத்தார். அந்தத் தொகை பில்லிலேயே கழிந்துவிடும். செய்த வேலைக்கு ரசீதையும் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். சுவருக்குள் இருப்பதை மதிப்பீட்டாளர் கண்ணால் பார்க்க முடியாது. ஆதாரம் இல்லையென்றால் வீட்டின் வயதை வைத்துக் குறைவாகவே மதிப்பெண் போடுவார்.

வெளிச்சுவர்க் காப்புக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அரசுத் திட்டங்களின் கீழ் அதைப் பொருத்திய வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஒழுகும் கூரை வாய்க்கால், பெயர்ந்த பூச்சு, ஈரச் சுவர் இவற்றைச் சரிபண்ணாமல் மேலே மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சையாகும். அப்புறம், ஜன்னல் மேலே உள்ள சிறு காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து டேப் போட்டு அடைக்காதீர்கள். நாம் சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் எழும் ஆவி வெளியேற அந்த வழி திறந்திருக்க வேண்டும்.