நியூரோஃபீட்பேக்: பேக்கேஜ் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நியூரோஃபீட்பேக்னா மூளையோட மின் அலையை ஸ்க்ரீன்ல காட்டி, அதை மாத்திக்க மூளையைப் பழக்குற பயிற்சி, நான் அதை குடுக்கிறவன். முதல் தடவை எங்ககிட்ட வர்ற பெத்தவங்க முக்கால்வாசி பேர் தயங்கித் தயங்கி கேட்கிறது, "புள்ளைக்கு தலையில கரண்ட் ஏத்துவீங்களா?" ஏத்தவே மாட்டோம்ங்க. உள்ள எதுவும் போகாது, மூளையில ஏற்கனவே ஓடிட்டிருக்கிற மின் அலையை வெளியில இருந்து படிக்கிறோம், அவ்ளோதான். மின் அலைன்னு சொன்னாலும் அது மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது ஒரு வோல்ட்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு.

நடக்கிறது இதுதான். உச்சந்தலையில முடியை விலக்கி, அந்த இடத்தை ஜெல் போட்டு லேசா தேய்ச்சு, பேஸ்ட் வச்சு ஒரு எலக்ட்ரோட் (அலையை படிக்கிற சின்ன வில்லை) ஒட்டுவோம், காதுமடல்ல ரெண்டு கிளிப். எதிர்ல ஸ்க்ரீன்ல ஒரு கேமோ வீடியோவோ ஓடும். நாம எதிர்பார்க்கிற அலை கூடுனா படம் தெளிவா ஓடும், குறைஞ்சா மங்கிடும். "எப்படி பண்ணணும் அங்கிள்?"னு பசங்க கேட்பாங்க, அதுக்கு எங்ககிட்டயும் நேரடி பதில் கிடையாது, மூளையே தட்டுத் தடுமாறி கத்துக்கணும். ஒரு செஷன் அரை மணியில இருந்து முக்கால் மணி நேரம், வாரம் ரெண்டு மூணு தடவைன்னு வழக்கமா 30, 40 செஷன் வரைக்கும் போகும்.

இது புதுசா வந்த டெக்னாலஜின்னு விளம்பரம் பண்றாங்க, அப்படியெல்லாம் இல்ல. 1960கள்லயே அமெரிக்காவுல பேரி ஸ்டெர்மன்னு ஒரு விஞ்ஞானி பூனைகளுக்கு 12-15 ஹெர்ட்ஸ் அலையை (செகண்டுக்கு 12-15 தடவை ஏறி இறங்குறது) கூட்டுறதுக்கு பயிற்சி குடுத்தார். அப்புறம் வேற ஒரு ஆராய்ச்சிக்காக ராக்கெட் எரிபொருள் ரசாயனத்தை பூனைகளுக்கு குடுத்துப் பார்த்தப்போ, பயிற்சி எடுத்த பூனைகளுக்கு மட்டும் வலிப்பு சீக்கிரம் வரல. அங்க இருந்துதான் வலிப்பு நோயாளிகள், கவனக்குறைபாடு (ஏடிஹெச்டி) உள்ள பசங்கன்னு இது மனுஷங்களுக்கு வந்துச்சு.

சரி, வேலை செய்யுதா? இங்கதான் என் தொழில்ல இருக்கிறவங்க பலர் பேச்சை மாத்திடுவாங்க. ஏடிஹெச்டி உள்ள 7 முதல் 10 வயசு பசங்க 144 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2021ல வெளியிட்டாங்க, அதுல ஒரு குரூப்புக்கு நிஜ பயிற்சி, இன்னொரு குரூப்புக்கு அதே மாதிரி தெரியுற போலி பயிற்சி, யாருக்கு எதுன்னு பெத்தவங்களுக்கும் தெரியாது. முடிவுல ரெண்டு குரூப்புமே நல்லா தேறிச்சு, ஆனா ரெண்டுக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. அப்போ தேறினதுக்கு காரணம் என்ன? வாரா வாரம் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா கவனிக்கிறது, அரை மணி நேரம் அசையாம இருந்து பழகுறது, வீட்ல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வர்றது, இதுக்கெல்லாம் பெரிய பங்கு இருக்குன்னு நான் நினைக்கிறேன். நான் இன்னும் இந்த பயிற்சி குடுத்துட்டுதான் இருக்கேன், ஆனா மத்த சிகிச்சையோட சேர்த்து ஒரு துணையா மட்டும்தான். ஆட்டிசத்தை "க்யூர்" பண்ணிடுவோம், மாத்திரையே வேணாம்னு யாராவது சொன்னா அப்படியே எழுந்து வந்துடுங்க.

குறிப்பா வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க. பயிற்சி நல்லா போகுதேன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தினா நிக்காம தொடர்ந்து வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. டோஸை கூட்டுறதும் குறைக்கிறதும் நியூராலஜிஸ்ட் முடிவு, எங்க முடிவு கிடையாது. பயிற்சி எடுக்கிறப்போ சிலருக்கு தலைவலி, அசதி, எரிச்சல், தூக்கம் மாறுறதுன்னு வரும், வந்தா மறைக்காம சொல்லிடுங்க, செட்டிங்கை மாத்திப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் கேட்கிறதே இல்ல. கண் சிமிட்டினா ஸ்க்ரீன்ல மலை மாதிரி ஒரு பெரிய அலை எழும், பல்லைக் கடிச்சா கோடு முழுக்க தடிச்சு கருப்பா ஆயிடும், அது ரெண்டும் மூளை அலை இல்ல, கண்ணும் தாடைத் தசையும் பண்ற வேலை. அதை வடிகட்டாம பயிற்சி குடுத்தா புள்ள பல்லைக் கடிச்சே கேம்ல பாயிண்ட் வாங்கிடும் (பசங்க இதை சீக்கிரமே கண்டுபிடிச்சிடுவாங்க, கில்லாடிங்க). அதனால சென்டருக்கு போனா கேம் ஸ்க்ரீனை மட்டும் பார்க்காம, பக்கத்து மானிட்டர்ல ஓடுற ரா அலையை, அதாவது வடிகட்டாத அலையை, காட்டச் சொல்லுங்க, புள்ளையை ரெண்டு தடவை கண் சிமிட்டச் சொல்லி அந்த நேரம் பாயிண்ட் ஏறுதான்னு பாருங்க. ஏறுச்சுன்னா மொத்த பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாதீங்க.