"டாக்டர், மாமியாருக்கு 84 காட்டுது!"

போன ஜூன் மாதம் ஒரு நாள், ஓ.பி. முடித்துவிட்டு இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மோதிரம் போட்ட ஒரு விரல், அதில் மாட்டிய ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி), திரையில் 84. பின்னால் முழுக்கப் பனி. கீழே மருமகனின் ஒரு வரி: "டாக்டர், மாமியாருக்கு 84 காட்டுது, என்ன செய்யட்டும்?"

அந்த அம்மாவுக்கு 66 வயது. பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு, பல வருடமாக என்னிடம்தான் பார்க்கிறார்கள். கொரோனா சமயத்தில் அந்த ஆக்சிமீட்டரை வாங்கச் சொன்னதே நான்தான். "94-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள்" என்று வீட்டில் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்ததும் நான்தான். சொன்னபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிரான்ஸில் ஷமோனி என்ற ஊர், அதற்கு மேலே எகுய் து மிதி சிகரம் என்றார். உயரம் 3842 மீட்டர். அந்த உயரத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது, மீதி பயம் வந்தது.

முதலில் கேட்டது: அம்மா உட்கார்ந்து பேசுகிறார்களா? நெஞ்சுவலி உண்டா? பேசுகிறார்கள், வலி இல்லை, தலை மட்டும் லேசாகச் சுற்றுகிறது என்றார். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள் என்றேன். 87. சரி, படம் எடுத்தது போதும், அடுத்த ரோப்காரில் கீழே இறங்குங்கள் என்றேன். சாயங்காலம் ஊருக்குள் வந்தபிறகு அதே விரல் 96 காட்டியது.

இதில் தப்பு என்னுடையது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்த அம்மா என்னிடம் வந்திருந்தார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். "ஊட்டிக்கே போயிட்டு வந்தவங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தேன். எவ்வளவு உயரம் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து ஆல்ப்ஸ் பக்கம் போகிறோம் என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி அதுதான்.

ஷமோனி ஊர் இருப்பது சுமார் 1035 மீட்டரில். ஏற்காட்டை விடத் தாழ்வு. ஊரில் தங்குவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரச்சினை அந்த ரோப்கார். 2317 மீட்டரில் ஒரே ஒரு இடத்தில் மாறி, மொத்தம் இருபது நிமிடத்தில் 3777 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து பாறைக்குள் ஒரு லிஃப்ட், 3842-க்கு. நம் தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். அதற்கு மேல் இன்னொரு 1200 மீட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழனி ரோப்கார் பழக்கத்தில் ஏறிவிடுகிறோம். நமக்கு மூச்சு வாங்காததால் உயரம் தெரிவதில்லை.

எதிரே தெரியும் மோன் பிளாங்க் சிகரத்தின் மேல் 1786-இல் முதன்முதலில் கால் வைத்த இருவரில் ஒருவர் பால்மா என்ற உள்ளூர்க்காரர், இன்னொருவர் ஷமோனி ஊர் டாக்டர் பக்கார். இரண்டு நாள் நடந்து ஏறினார்கள். ஊர் நடுவில் இருக்கும் பிரபலமான சிலையில் டாக்டர் இல்லை, பால்மாதான் நிற்கிறார். பக்காருக்குத் தனிச் சிலை ரொம்ப காலம் கழித்துத்தான் வந்தது. எங்கள் தொழிலுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது, கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. போன உடனே பார்த்தால் நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கே 85, 90 என்றுதான் காட்டும். போதாததற்கு விரல் சில்லிட்டிருந்தாலோ நெயில்பாலிஷ், கரும் மருதாணி இருந்தாலோ மெஷின் இன்னும் குறைத்துக் காட்டலாம். ஆகவே கொரோனா கால 94 கணக்கை அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆளைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு அடைக்கிறதா, உதடு நீலமாகிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அங்குள்ள ஊழியரிடம் உடனே சொல்லிக் கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. கூட்டமான நாளில் இறங்கவும் வரிசை இருக்கும், அதனால் "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். அவசர எண் ஐரோப்பா முழுக்க 112.

மலைநோய் என்று சொல்கிறோமே, தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அது பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் உயரத்தில் இருந்தால்தான் வரும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்குகிறவருக்கு வருவது அபூர்வம். அதனால் மருந்துக்கடை நண்பரிடம் டயமாக்ஸ் என்ற மலைநோய்த் தடுப்பு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற வேலை வேண்டாம். அடிக்கடி ஒன்றுக்குப் போகத்தான் உதவும். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

யார் போகலாம், யார் போகக்கூடாது? சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பி.பி. கட்டுக்குள் வராதவர், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி எல்லாரும் தங்கள் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லியே கேட்க வேண்டும். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் கேஸ் வைத்திருந்தால் விமானமும் கூடாது, மலையும் கூடாது. அழுத்தம் குறையும்போது அந்த கேஸ் விரிந்து பார்வையே போய்விடலாம். கைக்குழந்தைகளை மேலே கொண்டுபோக வேண்டாம், காது வலியில் அழும்போது ஏன் என்று சொல்லக்கூடத் தெரியாது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒரு கூட்டத்தைப் பற்றி. நாற்பதைத் தாண்டிய பெண்கள். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகும், ஹீமோகுளோபின் 8 என்று குறைவாக இருக்கும், "எனக்கு எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வீட்டு வேலை முழுவதும் செய்வார்கள். சமவெளியில் உடம்பு எப்படியோ சமாளிக்கிறது. 3800 மீட்டரில், ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கிற ஆக்சிஜனைத் தூக்கிச் செல்ல ஆள் இல்லை என்றால் மயக்கம்தான். இரும்புச்சத்து மாத்திரை பலன் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே விசாவுக்கு அப்ளை செய்கிற அன்றே ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் செய்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்கூட ஆகாத டெஸ்ட், லட்சக்கணக்கில் டிக்கெட் எடுக்கிறவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, எல்லாரும் உச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்று சட்டமா? பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் பிளான்பிராஸ் என்று 2000 மீட்டரில் ஓர் இடம் இருக்கிறது. மோன் பிளாங்க் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். அப்பா அம்மாவை அங்கே காபியோடு உட்கார வையுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதம் அந்தப் பக்கத்து ரோப்கார் பொதுவாக மூடியிருக்கும். பனிச்சறுக்கு முடிந்து, கோடைக்காலம் தொடங்காத இடைவெளி அது. ஜூன் நடுவில் போவது உத்தமம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஷமோனியில் உயரத்தைவிடச் சாப்பாட்டு நேரம் பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் பல உணவகங்களில் சமைப்பார்கள். இரண்டரைக்கு மேலிருந்து இறங்கி வந்து நின்றால் கதவு திறந்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். ராத்திரி ஏழு மணிக்குத்தான் மறுபடி. காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டுக்கொண்டவர் என்ன செய்வார்? கை நடுங்கும், வியர்க்கும், குளிரில் இருக்கிறவருக்கு எதனால் நடுங்குகிறது என்றே புரியாது. சட்டைப்பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். பருப்புப்பொடி, தட்டை, முறுக்கு கொண்டுபோங்கள். பால்கோவா வேண்டாம், பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுவரக் கூடாது.

இன்சுலின் பேனாவைத் தோள்பையின் வெளி அறையில் வைத்து மேலே போகாதீர்கள். ஊருக்குள் 22 டிகிரி வெயில் அடிக்கும் ஜூன் மாதத்திலும் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கோட்டுக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள். ஹோட்டல் ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறைந்துவிடும்.

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் அங்கே பிரயோஜனம் இல்லை. டெல்மிசார்டான், மெட்ஃபார்மின் என்று மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக்கடை. ஆனால் ஆன்டிபயாடிக் சீட்டில்லாமல் கிடைக்காது. விசாவுக்காக 30,000 யூரோ இன்சூரன்ஸ் எடுக்கிறோம், அதில் பழைய நோய்க்குப் பணம் உண்டா என்று எத்தனை பேர் படிக்கிறோம்?

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. கறுப்புத் தோல், நமக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். கண்ணின் மேல்படலத்தில் அந்தக் கறுப்பு இல்லை. புதுப்பனி புற ஊதாக்கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். பகல் முழுக்க ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மண்ணைக் கொட்டியது போல் எரியும். புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கூலிங்கிளாஸ் வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து.

அந்த அம்மா திரும்பி வந்ததும் ஒரு ஸ்விஸ் சாக்லேட் பெட்டியோடு ஓ.பி.க்கு வந்தார்கள். ஜெனீவா ஏர்போர்ட்டில் வாங்கியதாம், சர்க்கரை நோயாளி கொண்டுவந்த சாக்லேட். "அடுத்த வருஷம் லே லடாக் போகலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு டாக்டர்" என்றார்கள். லே சுமார் 3500 மீட்டர். ஷமோனி உச்சியைவிடக் குறைவுதான், ஆனால் அங்கே விமானத்தில் போய் இறங்கி இரவு தூங்கவும் வேண்டும். அது வேறு கணக்கு. டிக்கெட் போடும் முன்னால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.