டெக்சாஸ் கவுண்டிகளில் வாக்குப்பதிவு: எந்த எண்ணால் வகுப்பது?

ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவான வாக்குகளை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். 18 வயது நிரம்பியோரால் வகுத்தால் வேறு, 18 நிரம்பிய குடிமக்களால் வகுத்தால் இன்னும் வேறு. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் இந்த இடைவெளி ஒரே அளவில் இல்லை என்பதுதான் சிக்கல்.

மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் ஸ்டார், ஹிடால்கோ கவுண்டிகளில் சிறுவர்கள் அதிகம். குடியுரிமை இல்லாதவர்களும் கணிசம். ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த லானோவில் இரண்டுமே குறைவு. டாலஸுக்கு வடக்கே உள்ள காலினும் ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்டும் தனி ரகம். நம்மவர்கள் பலர் குடியிருக்கும் இடங்கள் இவை. எச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ (நிரந்தர வசிப்புரிமை) இருப்பவர் மக்கள்தொகையில் சேர்வார், வாக்குரிமையில் சேரமாட்டார். கார்டு கிடைத்துப் பொதுவாக 5 ஆண்டு கழித்துத்தான் குடியுரிமை பெறலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கோ அந்தக் கார்டு வருவதற்கே பல ஆண்டு பிடிக்கிறது.

குடிமக்கள் எண்ணை 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடாதீர்கள். அதில் குடியுரிமைக் கேள்வியே இல்லை. சேர்க்க நடந்த முயற்சி 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் தடைபட்டது. கணக்கெடுப்பு வாரியம் நடத்தும் மாதிரி ஆய்வான அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில், 18 நிரம்பிய குடிமக்களுக்கான பி29001 அட்டவணையை எடுங்கள். 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிகளுக்கு 5 ஆண்டுத் தொகுப்புதான் கதி.

அது மாதிரிக் கணக்கு என்பதால் எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பும் இருக்கும். 90 சதவீத நம்பக அளவிலான அந்த வரம்பை 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. சில கவுண்டிகளைச் சேர்க்கும்போது வரம்புகளை அப்படியே கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2020-இல் 47 லட்சம் பேர் வாழ்ந்த ஹாரிஸில் இது பெரிதாக உறுத்தாது. லவ்விங் கவுண்டியில் 2020-இல் இருந்தவர்கள் 64 பேர். அங்கே தனியாகச் சதவீதம் போடுவதே வீண்வேலை. அண்டைக் கவுண்டிகளோடு சேர்த்துப் பாருங்கள்.

தொகுதி வரையறைக்காகக் கணக்கெடுப்பு வாரியம் வெளியிடும் தனித் தொகுப்பில் எண்கள் முழுமையாக்கப்படும்: 1 முதல் 7 வரை எல்லாமே 4 ஆகிவிடும். 8-உம் அதற்கு மேற்பட்டவையும் அருகிலுள்ள 5-இன் மடங்காக மாறும். சிறு பகுதிகளைக் கூட்டிக் கவுண்டி எண்ணை உருவாக்கினால் உதைப்பது இதனால்தான். அட்டவணையில் கவுண்டிக்கான வரிசையையே நேராக எடுத்துவிடுங்கள்.

குடிமக்கள் எண்ணும் முழுத் தகுதியைக் காட்டாது. ஹன்ட்ஸ்வில் சிறைகள் உள்ள வாக்கர் கவுண்டியில் கைதிகளும் உள்ளூர்க் குடிமக்களாகவே எண்ணப்படுகிறார்கள். ஆனால் பெருங்குற்றத் தண்டனை பெற்றவருக்குச் சிறைவாசம், பரோல், நன்னடத்தைக் காலம் எல்லாம் முடியும்வரை டெக்சாஸில் வாக்கு கிடையாது. பிராசோஸ் கவுண்டியில் கல்லூரி மாணவர்கள் அங்கே எண்ணப்பட்டு, பெற்றோர் ஊரில் பதிவு வைத்திருக்கலாம்.

பதிவான வாக்காளர்கள் குடிமக்களைவிட அதிகம் என்று ஒரு பட்டியல் சுற்றினால் உடனே மோசடி என்று பகிர வேண்டாம். வீடு மாறியதாகத் தெரிந்து அனுப்பிய அறிவிப்புக்குப் பதில் வராவிட்டாலும், 1993 தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல்கள் கடக்கும்வரை அந்தப் பெயரை நீக்க முடியாது. ஐந்தாண்டுச் சராசரியை இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டால், வேகமாக வளரும் கவுண்டியில் விகிதம் தானாகவே ஏறும்.